சோறு போடுமா இந்தப் படிப்பு?

நம் பிள்ளை தொல்லியல் பயில விரும்பினால், "அது சோறு போடுமா?" என்று கேட்கிறோம். பணியிடங்கள் குறைவு, கேள்வி நியாயமானதே.

ஆயினும், செண்பகனூர் இயேசு சபைக் குருக்கள் ஆங்லாட், நியூட்டன் ஆகியோர் பழநி மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை, 1928-இல் இந்தியத் தொல்லியல் துறையே வெளியிட்டது. பின்னர், அம்மலையடிவாரத்துப் பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் 2009-இல் அகழ்ந்தபோது, ஈமக்குழி ஒன்றில் ஏறக்குறைய 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது.

இறந்தோருக்கென வைத்த அந்நெல்லின் அருமையை அறியும் கண், பல்லாண்டுப் பயிற்சியால் வாய்ப்பது. சோறு போடுமா என்று கேட்ட நமக்கு, முன்னோரின் சோற்றையே அக்கல்வி காட்டியது. அதன் சுமையைப் பிள்ளை மட்டும் தாங்க விடலாமா? பங்குச் சமூகமாக நாமும் தோள்கொடுப்போம்.