உறைந்த ரத்தத்தின் கதை

ரத்தத்துக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. குழாய்க்குள் ஓடும்போது அது உறையக் கூடாது. காயத்தின் வழியே வெளியே வந்தாலோ உடனே உறைந்தாக வேண்டும். இதில் எது பிசகினாலும் உயிருக்கு ஆபத்து. கொரோனாவின் சரித்திரத்தில் என் மனத்தில் ஆழத் தைத்தது இந்தப் பிசகுதான்.

அதை நுரையீரலைத் தாக்கும் காய்ச்சல் என்றே உலகம் முதலில் எண்ணியது. ஆனால் 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 7 வரை, நியூயார்க்கில் மவுண்ட் சினாய் ஸ்தாபனத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஐந்து பேர் பக்கவாதத்தோடு வந்து சேர்ந்தார்கள். ஐவருக்கும் கொரோனா. ஐவரும் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயை உறைந்த ரத்தம் அடைத்திருந்தது. நோயில் இறந்தவர்களின் நுரையீரலைச் சோதித்தபோது, நுண்ணிய குழாய்களிலும் உறைகட்டிகள் தென்பட்டன.

இந்தப் புதிரின் நுனியைப் பிடிக்க நாம் பெர்லினுக்குப் போக வேண்டும். 1846-இல் ருடால்ப் விர்ச்சோ என்ற இளம் வைத்தியர் அங்கே பிரேதப் பரிசோதனை செய்து வந்தார். நுரையீரலை அடைத்த கட்டி அங்கேயே பிறந்ததல்ல. கால் நாளத்தில் உறைந்து, உடைந்து, இருதயத்தின் வழியே மிதந்து வந்தது என்று அவர் கண்டார். நாய்களை வைத்துச் சோதித்தும் பார்த்தார். அவர் வழியில் வந்தவர்கள் ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்கள்: ஓட்டம் தளர்வது, குழாயின் சுவர் பழுதுபடுவது, ரத்தத்தின் தன்மையே மாறுவது. கொரோனா நோயாளியிடம் மூன்றும் கூடிவிட்டன. அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்; குழாயின் உட்சுவர் புண்பட்டது; உடம்பின் எதிர்ப்பே அளவு மீறி, ரத்தத்தை உறையத் தூண்டியது.

இதற்கு மருந்தாக வந்த ஹெப்பாரின் பிறந்த விதம் வேடிக்கையானது. 1916-இல் பால்டிமோரில் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர் ரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடினார். நாயின் ஈரலிலிருந்து கிடைத்ததோ உறையாமல் தடுக்கும் பொருள்! கதையில் நான் இப்படி எழுதினால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள்.

2021-இல் வெளியான பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு இன்னும் சிந்திக்க வைக்கிறது. நோய் முற்றாத நிலையில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பாரின் கைகொடுத்தது. நோய் முற்றித் தீவிர சிகிச்சையில் கிடந்தவர்களுக்கு அதே மருந்து பலன் தரவில்லை. எதைக் கொடுப்பது என்பதோடு, எப்போது கொடுப்பது என்பதையும் வைத்தியம் அந்த ஆண்டுகளில் உயிர்களை விலையாகக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.