கடிகாரத்தைக் கேட்கும் கடிகாரம்



தென்காசியில் நண்பகல் ஆவதற்கு ஏறத்தாழ 12 நிமிடம் முன்னரே சென்னையில் நண்பகல் ஆகிவிடுகிறது. ஊருக்கொரு நேரம் இருந்தால் புகைவண்டி ஒழுங்காக ஓடுமா? ஆகவே, 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக்கூடத்தின் நேரத்தைத் தந்தி வழியே பெற்று, புகைவண்டி நிலையங்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டன. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. தலைமைக் கடிகாரம் ஒன்றை மற்றவை பின்பற்றும் இம்முறையே இன்று உங்கள் கைப்பேசியின் சில்லுக்குள்ளும் நிகழ்கிறது. அதற்குக் கட்டப் பிணைப்புச் சுற்று என்று பெயர்.

1665இல் நோயுற்றுப் படுத்திருந்த டச்சு அறிஞர் ஹைகன்ஸ், ஒரே சட்டத்தில் தொங்கிய இரு ஊசற் கடிகாரங்கள் தாமாகவே ஒத்தாடக் கண்டு வியந்தார். 1932இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி தெ பெல்சீசு, வானொலிப் பெட்டியின் அலையியற்றியை வரும் அலையோடு இணைத்து நிறுத்தும் சுற்றை விளக்கினார். இரு அலைகளின் முன்பின்னை ஓர் உறுப்பு அளக்கும். வடிகட்டி அவ்வளவைச் சீராக்கும். அதன்படி அலையியற்றி தன்னைத் திருத்திக்கொள்ளும். 2004இல் ஸ்டாசெவ்ஸ்கி குழுவினர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் புளூடூத் சில்லொன்றில் இவ்வேலையை முழுவதும் எண்களைக் கொண்டே செய்து காட்டினர்.

இங்கே பகைவன் யார்? இரைச்சல், அதாவது துடிப்பின் நடுக்கம். அதை எனக்கு உணர்த்தியது ஒரு பள்ளிக்கூடக் கடிகாரம். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது அதைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது. காலைதோறும் வானொலியின் நேர ஒலியோடு ஒப்பிட்டு, கண்ட பிழைக்கெல்லாம் ஊசலின் திருகை மிகுதியாகத் திருப்புவேன். இன்று பிந்தினால் நாளை முந்தும். இரு நாள் விடுமுறைக்குப் பின் வந்த ஒரு தேர்வு நாளில், மின்சாரம் இல்லாமையால் வானொலியும் ஒலிக்கவில்லை. கடிகாரம் 5 நிமிடம் முந்தியிருந்ததை அறியாமல் மணி அடித்து விடைத்தாள்களை வாங்கிவிட்டோம். கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டு எழுந்த மாணவனின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

சுற்றை அமைப்போர் முன்னுள்ள சிக்கலும் இதுவே. தலைமைத் துடிப்புக்கு அளவு மீறிச் செவிசாய்த்தால், அதன் நடுக்கமும் அளவையின் பிழையும் உள்ளே புகும். செவிசாய்க்காவிடின், அலையியற்றி தன் போக்கில் அலையும். எண்முறையில் மற்றொரு தொல்லையும் உண்டு: மில்லிமீட்டர்க் கோடுகளே உள்ள அளவுகோலால் அதனினும் நுண்ணியதைக் காண இயலாது. ஆகவே நேர அளவையின் படியை நுண்ணிதாக்கி, திருத்தத்தின் வேகத்தையும் நடுநிலையில் வைக்கிறார்கள். நல்ல சுற்றுகளில் எஞ்சும் நடுக்கம், ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு கூறினும் குறைவு.

பிழையைக் கண்டவுடன் திருத்துவது எளிது. எவ்வளவு திருத்துவது என்று அறிவதே அறிவு. இப்பாடத்தை நான் காலந்தாழ்த்திக் கற்றேன். நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.