நிற்பது போதுமா?

நான் திண்டுக்கல்லில் ஆசிரியனாய் இருந்தபோது, மலைக்கோட்டைப் படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட மாணவன் ஒருவன், காயம் ஆறிப் பள்ளிக்குத் திரும்பினான். நடை நேராயிருந்தது, ஓடியபோதோ தள்ளாடி விழுந்தான். காயம் ஆறுவது வேறு, நலம் பெறுவது வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

ஜெர்மானிய மருத்துவர் ராம்பெர்க் 1840களில் தண்டுவட நோயாளரைக் கால்சேர்த்துக் கண்மூடி நிற்கச் செய்து, தள்ளாட்டத்தைக் கண்டறிந்தார். அச்சோதனை பின்னர் தலைக்காயமுற்றோர்க்கும் பயன்பட்டது. 1950இல் டாக்டர் பி. இராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். பலர் உயிர் பிழைத்தனர். அடிபடுவோருள் பலர் இளைஞர் அல்லரோ? நிற்பது மட்டும் அவர்களுக்குப் போதுமா? 2005இல் ஆஸ்திரேலியாவின் கேவின் வில்லியம்ஸ் குழுவினர் ஓட்டம், தாவல், படியேற்றம் ஆகியவற்றையும் அளக்கும் முறை வகுத்தனர்.

ஆகவே, தலைக்காயம் ஆறிய தோழன் ஆடுகளம் புகுமுன், அவன் நடையையும் ஓட்டத்தையும் மருத்துவர் அளக்கட்டும்.