இமாட்டினிபின் வரலாறு: பிலடெல்பியா குரோமோசோம் முதல் சென்னைக் காப்புரிமை வழக்கு வரை

இமாட்டினிப் என்பது நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மாத்திரை. புரத கைனேஸ் என்ற வகை நொதிகளில் ஒன்றைக் குறிவைத்து, புற்றுநோய்க்கென்றே உருவாக்கப்பட்ட சிறு மூலக்கூறு மருந்துகளில் முதலில் ஒப்புதல் பெற்றது இதுவே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001 மே 10 அன்று இதை அனுமதித்தது. இந்த மருந்துக்குப் பின்னால் நாற்பது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அதன் பெரும்பகுதியைச் செய்தவர்கள் மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று புறப்பட்டவர்கள் அல்லர்.

முந்தைய நிலை

இந்த நோயில் எலும்பு மஜ்ஜை தேவைக்கு மீறி வெள்ளணுக்களை உற்பத்தி செய்கிறது. மண்ணீரல் வீங்கும், எடை குறையும், களைப்பு விடாது. முதல் சில ஆண்டுகள் நோய் மெதுவாக நகரும். பிறகு வெடிப்பு நிலை எனப்படும் கட்டத்துக்குத் தாவி, சில மாதங்களில் உயிரைப் பறிக்கும். 1990கள் வரை பியூசல்பான், ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகள் அணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தனவேயன்றி நோயின் போக்கை மாற்றவில்லை. இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்கு ஆயுளை நீட்டித்தது. ஆனால் அதன் காய்ச்சலையும் சோர்வையும் பலரால் தாங்க முடியவில்லை. முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஒன்றுதான். அதற்குப் பொருத்தமான கொடையாளர் வேண்டும், சிகிச்சையைத் தாங்கும் வயதும் வேண்டும்.

குட்டையான குரோமோசோம்

மனித செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பதே 1956இல்தான் உறுதியானது. அதே காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் இரத்தப் புற்றுநோய்ச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் இருந்த செல்களை அவர் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீரை உள்ளே இழுத்துச் செல்கள் உப்பின. குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் விரிந்து தெரிந்தன. அவற்றைப் படித்தறியத் தெரிந்த ஒருவரைத் தேடியபோது கிடைத்தவர் ஆய்வு மாணவர் டேவிட் ஹங்கர்ஃபோர்ட். இந்நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதை ஹங்கர்ஃபோர்ட் கண்டார். 1960இல் இருவரும் சிறு குறிப்பாக இதை வெளியிட்டனர். நகரத்தின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டு 'பிலடெல்பியா குரோமோசோம்' ஆயிற்று.

குட்டையானது தெரிந்தது, காணாமற்போன துண்டு எங்கே போயிற்று என்பது தெரியவில்லை. அதற்கு விடை 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலியிடமிருந்து வந்தது. புதிய சாயமூட்டல் முறையில் ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கே உரிய பட்டைகளோடு தெரிந்தது. ரௌலி ஒளிப்படங்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒப்பிட்டார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேசையில் அவர் கண்டது: 22ஆம் குரோமோசோமின் துண்டு தொலையவில்லை, 9ஆம் குரோமோசோமின் நுனியில் போய் ஒட்டியிருக்கிறது. மரபுப் பொருள் இடம்மாறியதன் விளைவா புற்றுநோய் என்ற கேள்வியை அன்று பலர் பொருட்படுத்தவில்லை. குரோமோசோம் குழப்பங்களைப் புற்றுநோயின் விளைவாகப் பார்த்தார்களே ஒழியக் காரணமாகப் பார்க்கவில்லை.

கோழியும் எலியும்

இதற்கிடையே தொடர்பே இல்லாத வேறொரு பாதையில் ஆராய்ச்சி நடந்தது. கோழிக்கு வரும் ஒரு வகைக் கட்டியை வைரஸ் உண்டாக்குகிறது என்று 1911இல் பெய்டன் ரௌஸ் காட்டியிருந்தார். அதற்கான நோபல் பரிசு 1966இல், அவருடைய 87ஆம் வயதில்தான் கிடைத்தது! அந்த வைரஸில் இருக்கும் சார்க் என்ற மரபணு உண்மையில் கோழியின் சொந்த மரபணுவிலிருந்து திருடப்பட்டது என்று 1976இல் மைக்கேல் பிஷப்பும் ஹரால்டு வார்மஸும் நிறுவினர். சார்க் உருவாக்கும் புரதம் ஒரு கைனேஸ் என்பது 1978இல் தெரிந்தது.

கைனேஸ் என்றால் என்ன? செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து மற்றொரு புரதத்தின்மேல் ஒட்டும் நொதி. பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறி, அது வேலை செய்யத் தொடங்கும் அல்லது வேலையை நிறுத்தும். பாஸ்பேட்டை நீக்க வேறு நொதிகள் இருக்கின்றன. எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950களின் நடுவில் தசையில் இதைக் கண்டறிந்து 1992இல் நோபல் பெற்றனர். செல்லுக்கு வெளியிலிருந்து வரும் 'வளர்', 'பிரி' போன்ற செய்திகள் இப்படியான ஒட்டல்களின் தொடர் மூலமாகவே உட்கருவரை செல்கின்றன. மனித மரபணுத் தொகுப்பில் கைனேஸ் மரபணுக்கள் ஐந்நூறுக்கும் மேல்.

அதுவரை அறியப்பட்ட கைனேஸ்கள் செரீன், திரியோனின் என்னும் அமினோ அமிலங்களிலேயே பாஸ்பேட்டை ஒட்டின. 1979இல் சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்டர் பழைய கரைசல் ஒன்றையே திரும்பப் பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை சற்று மாறியிருந்ததால், திரியோனினோடு சேர்ந்தே நகர வேண்டிய ஒரு புள்ளி தனியாகப் பிரிந்து தெரிந்தது. அது பாஸ்பேட் ஒட்டிய டைரோசின். புதுக் கரைசல் தயாரித்திருந்தால் அன்று அது கண்ணில் பட்டிருக்காது. எலிகளுக்கு இரத்தப் புற்று உண்டாக்கும் ஏபெல்சன் வைரஸின் ஏபிஎல் புரதமும் டைரோசின் கைனேஸ்தான் என்று அடுத்த ஆண்டே ஓவன் விட்டேயும் டேவிட் பால்டிமோரும் காட்டினர்.

இரண்டு பாதைகளும் 1982இல் சந்தித்தன. மனிதரின் ஏபிஎல் மரபணு இருப்பது 9ஆம் குரோமோசோமில். இந்நோயாளிகளிடம் அது 22ஆம் குரோமோசோமுக்கு இடம்பெயர்ந்திருந்தது. அங்கே பிசிஆர் என்ற மரபணுவோடு இணைந்து, பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்புப் புரதத்தை உருவாக்குகிறது. இயல்பான ஏபிஎல் தேவைக்கேற்ப இயங்கி அடங்கும். கலப்புப் புரதமோ அணைக்க முடியாத சுவிட்சைப் போல ஓயாமல் இயங்கும். 1990இல் இந்தக் கலப்பு மரபணுவை எலிகளின் மஜ்ஜைக்குள் செலுத்தியபோது அவற்றுக்கும் அதே நோய் வந்தது. ரௌலியின் கேள்விக்கு அப்போதுதான் முழுமையான பதில் கிடைத்தது.

பாசல் நகரில் ஒரு மூலக்கூறு

எல்லாக் கைனேஸ்களுக்கும் ஏடிபி வந்து அமரும் குழி ஒன்று உண்டு. அக்குழியில் வேறொரு மூலக்கூறைச் செருகிவிட்டால் நொதி நின்றுவிடும். ஆனால் எல்லாக் குழிகளும் ஏறக்குறைய ஒரே வடிவம். ஒன்றை அடைத்தால் மற்றவையும் அடைபட்டு உடலே நிலைகுலையும் என்று பெரும்பாலான மருந்தியலாளர்கள் நம்பினர். சுவிட்சர்லாந்தின் பாசலில் சீபா-கெய்கி நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டர், நிக்கலஸ் லைடன், யூர்க் சிம்மர்மான், எலிசபெத் புக்டுங்கர் ஆகியோர் அந்த நம்பிக்கையை மீறி வேலை செய்தனர். அவர்களுடைய தொடக்க மூலக்கூறு தடுத்தது புரத கைனேஸ் சி என்ற வேறொரு நொதியை. அதில் ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்தபோது அந்த நொதியின்மீதான பிடி விட்டுப்போய், ஏபிஎல்லின்மீதான பிடி நிலைத்தது. நீரில் கரைவதற்காக மெத்தைல் பிப்பரசீன் தொகுதி சேர்க்கப்பட்டது.

நிறுவனத்துக்கு இந்த நோய்மேல் பெரிய ஆர்வம் இல்லை. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய்க்கு மருந்து செய்து என்ன லாபம் என்பது வணிகர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். விடாமல் துரத்தியவர் பிரையன் ட்ரக்கர் என்ற மருத்துவர். 1993இல் ஓரிகனுக்குப் பணிமாறிச் சென்றதும் லைடனைத் தொடர்புகொண்டு மூலக்கூறுகளை வாங்கிச் சோதித்தார். ஒன்று மட்டும் பிசிஆர்-ஏபிஎல் கொண்ட செல்களைக் கொன்று, இயல்பான செல்களை ஏறக்குறைய விட்டுவைத்தது. 1996இல் முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்டிஸ் உருவானது. நாய்களில் ஊசிவழிச் செலுத்தியபோது இரத்தம் உறைந்ததாலும் பின்னர் கல்லீரல் பாதிப்பு தெரிந்ததாலும் திட்டம் தள்ளாடியது. மாத்திரை வடிவில் மனிதச் சோதனை 1998 ஜூனில் தொடங்கியது.

இன்டர்ஃபெரான் பயன்தராத, நாளுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பெற்ற 54 நோயாளிகளில் 53 பேரின் இரத்த அணு எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள்ளேயே! ஏழு பேரிடம் பிலடெல்பியா குரோமோசோமே தென்படவில்லை. முதற்கட்டச் சோதனை என்பது மருந்தின் நச்சுத்தன்மையை அளப்பதற்காகவே நடத்தப்படுவது. நோயே இப்படிப் பின்வாங்கும் என்று யாரும் அதில் எதிர்பார்ப்பதில்லை. செய்தி இணையத்தில் நோயாளிகளிடையே பரவியது. மருந்தின் உற்பத்தி போதாமல் இருந்ததால், அதை அதிகரிக்கக் கோரி 1999இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு நிறுவனத் தலைவருக்குச் சென்றது.

எதிர்ப்பும் அடுத்த தலைமுறையும்

வெடிப்பு நிலையில் இருந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியது. 2001இல் சார்லஸ் சாயர்ஸ் குழு காரணத்தைக் கண்டது: ஏபிஎல்லின் 315ஆம் இடத்தில் இருந்த திரியோனின் ஐசோலியூசினாக மாறியிருந்தது. ஓர் அமினோ அமிலம் மாறியதால் மருந்து குழிக்குள் அமர இடமில்லாமற் போனது. பிற திரிபுகளுக்கு டாசாட்டினிபும் (2006) நிலோட்டினிபும் (2007) வந்தன. 315ஆம் இடத் திரிபைச் சமாளித்தது பொனாட்டினிப் (2012). அசிமினிப் (2021) ஏடிபி குழியைத் தொடுவதே இல்லை, புரதத்தின் வேறொரு பள்ளத்தில் அமர்கிறது.

இந்த வெற்றியைப் பார்த்து நுரையீரல், தோல் புற்றுநோய்களுக்கும் கைனேஸ் தடுப்பிகள் வந்தன. பலன் இருந்தது, ஆனால் பெரும்பாலும் மாதக்கணக்கிலோ சில ஆண்டுகளோதான். நாள்பட்ட மைலாய்டு நோய் அதன் தொடக்க நிலையில் ஒரே பழுதினால் இயங்குவது. பல பழுதுகள் சேர்ந்து இயக்கும் புற்றுநோய்களில் அதே அதிசயத்தை எதிர்பார்த்தது அவசரம் என்றே சொல்ல வேண்டும்.

சென்னையில் நடந்த வழக்கு

1970ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்று இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இருக்கவில்லை, செய்முறைக்கு மட்டுமே இருந்தது. எனவே இமாட்டினிப் மூலக்கூறுக்கு இங்கே காப்புரிமை இல்லை. உலக வர்த்தக அமைப்பின் விதிகள் வந்தபின், அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்பது வழக்கு நடந்த காலத்தில் அந்நிறுவன மருந்தின் விலையாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்து அப்போது 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. தன் மருந்தைப் பல இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகவே தருவதாக நோவார்டிஸ் கூறியது. அது உண்மைதான். ஆனால் இலவசம் ஒரு நிறுவனத்தின் விருப்பம், அதை யாரும் உரிமையாகக் கோர முடியாது.

2005இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 3(டி) பிரிவு, அறிந்த பொருளின் புதிய வடிவம் பயன்திறனில் மேம்பட்டிருந்தால் மட்டுமே காப்புரிமை என்றது. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்ப்புத் தெரிவிக்க, சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்ட் 6 அன்று தள்ளுபடி செய்தது. அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் 2009இல் காப்புரிமையை மறுத்தது. இறுதியாக உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று, மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்பது நோய் தீர்க்கும் திறனே என்று விளக்கியது. உடல் மருந்தை 30 விழுக்காடு கூடுதலாக உறிஞ்சுகிறது என்பது மட்டும் அதற்குப் போதாது என்றது. அதே ஆண்டு, உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இந்நோய் வல்லுநர்கள் இத்தகைய மருந்துகளின் விலையைக் கண்டித்து மருத்துவ இதழில் எழுதினர்.

மாத்திரையை நிறுத்துதல்

1106 பேரிடம் நடந்த பெருஞ்சோதனையில் இமாட்டினிபில் தொடங்கியவர்களில் 83.3 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தனர். ஆனால் மாத்திரை தினமும், வாழ்நாள் முழுதும். தசைப்பிடிப்பு, வீக்கம், வயிற்றுக் குமட்டல் கூடவே வரும். கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்கு இது பெரும் சிக்கல். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நோயின் தடயமே தெரியாதவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்க்கும் சோதனை பிரான்சில் நடந்து, 2010இல் முடிவு வெளியானது. பத்தில் நான்கு பேருக்கு ஓராண்டு கழித்தும் நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில் திரும்பியது. மாத்திரையை மறுபடி தொடங்கியதும் அவர்களிடம் அது மீண்டும் வேலை செய்தது.