வன்னி இலையும் சத்துணவுத் தட்டும்



பழமலைநாதர் கோயில் கதை நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைக் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது பொற்காசாக மாறுமாம். உழைக்கத் தெம்பில்லாதவன் கையில் அது வெறும் இலைதானே என்று சின்ன வயசிலேயே எனக்கொரு சந்தேகம். வரலாறு படித்தபோது அதுவே கேள்வியாயிற்று: ஏழைக்குச் சோறு போட வேண்டியது தருமவானா, சர்க்காரா?

விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1867 மே 23-இல் வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. சாதி, சமயம் கேட்காமல் பசித்தவர்க்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

ஆனால் 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே பட்டினி கிடந்தது. ஓர் அடுப்பு எத்தனை பேருக்குப் போதும்? சர்க்காரோ நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றது. ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி அது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன்பிறகுதான், 1880-இல் பஞ்ச விசாரணைக் குழு, மக்களைக் காப்பது அரசின் கடமை என்று ஒப்புக்கொண்டது.

1920-இல் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1956-இல் காமராஜர் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனபோது ஊரார் நன்கொடையும் அரசுப் பணமும் ஒரே பானையில் வெந்தன. நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராய்ப் போய் மக்களைத் திரட்டினார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2001-இல் உச்சநீதிமன்ற ஆணையால் இந்தியா முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு. 2022-இல் இங்கே காலை உணவு.

1982-இல் நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குப் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் வேலை. தட்டை நீட்டினேன், சோறு விழுந்தது. யாரையும் கும்பிடவில்லை. பிளஸ் டூ பரீட்சைக்குப் பணம் கட்ட எந்தத் திட்டமும் கைகொடுக்கவில்லை. சூளை முதலாளி ஒருவர்தான் கட்டினார். அதற்கு மூன்று நாள் அவர் வாசலில் நின்றேன். "ஒன்னைப் படிக்க வெச்சதே நான்தான்" என்று நாலு பேர் நடுவே பலமுறை சொன்னார். அந்தப் பணம் இல்லாவிட்டால் நான் இந்தக் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டேன். நன்றி இருக்கிறது, அந்த வாசல் மறக்கவுமில்லை.

சுந்தரர் 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பார்கள். வரியும் அப்படித்தான். ஒருவர் இங்கே போட்டது முகமறியாத பிள்ளையின் தட்டில் எங்கோ சோறாக வருகிறது. கொடுத்தவன் பெயரும் தெரியாது, வாங்கியவன் தலையும் குனியாது. ஆனால் திட்டத்துக்கு வயது வரம்பு உண்டு, விதி உண்டு. விதியில் இல்லாத அவசரத்தை அது அறியாது. அங்கேதான் தனிமனித தருமத்துக்கு வேலை.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்ட முடியாத மாணவருக்கு அவசியம் உதவுவோம். ஆனால் மேடையில் ஏற்றிப் போட்டோ எடுக்க வேண்டாம். ரசீதை மட்டும் அலுவலகத்தில் சேர்ப்போம். வடலூரில் சாப்பிட உட்காருகிறவனிடம் யாரும் பெயர் கேட்பதில்லையே!