இவிஎஸ் பாடத்தில் களப்பணி எதுக்கு? மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் 'இவிஎஸ்' எனும் சுற்றுச்சூழல் பாடம் இருக்கும். "பாஸ் ஆனா போதும்" என்று பலர் ஒதுக்கும் இந்தப் பாடத்தில், வகுப்பறைக்கு வெளியே போய் படிக்க வேண்டிய பகுதியும் உண்டு. அதுதான் களப்பணி.

எப்படி வந்தது?

எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க 1991-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக யுஜிசி முதலில் தயாரித்த 6 மாதப் பாடத்திட்டத்தில் 8 அலகுகள் இருந்தன. எட்டாவது அலகு முழுக்க களப்பணியாக இருந்தது. 100 மதிப்பெண்ணில் 25 இதற்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

களத்தில் என்ன செய்வாங்க?

ஒரு குளத்தை எடுத்துக்குவோம். தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க வேண்டும். மீன்கள் வாழ லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் தேவை என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

ஆனா ஒரே ஒரு முறை அளந்தால் ஏமாந்து போவோம். பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் எல்லா உயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்க்கும். அதனால் பிற்பகலில் நல்ல நிலையில் தெரியும் குளத்தில், விடியற்காலையில் மீன்கள் மூச்சுத் திணறி மேலே வரலாம். மாதிரியைப் பாட்டிலில் பிடித்து நேரம் கழித்து ஆய்வகத்தில் சோதித்தாலும் அளவு மாறிவிடும். கரையிலேயே ரசாயனம் சேர்த்து நிலைப்படுத்துவது அதனால்தான். வேறொருவர் ரிப்போர்ட்டைக் காப்பி அடித்தால் இது எதுவும் புரியாது.

கல்லூரிக்கு வெளியே வாய்ப்பு உண்டா?

உண்டு. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் இயங்குகிறது. ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், தன்னார்வலர்கள் இரவில் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். ஆனால் இவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதி இல்லாமல் யாரும் முட்டைகளைத் தொடக் கூடாது.

சுற்றுச்சூழல் அறிவியலையே பட்டப்படிப்பாக எடுக்கப் போறீங்களா? சேரும் முன் கல்லூரியில் இதைக் கேளுங்க:

* ஒரு செமஸ்டரில் எத்தனை நாள் களப்பணி?
* ஒரே இடத்துக்கு வெவ்வேறு பருவங்களில் அழைத்துப் போவார்களா?
* நீர், மண் பரிசோதனையை மாணவர்களே செய்வார்களா?
* பயணச் செலவு யாருடையது?

பதில் தெளிவாக இல்லை என்றால், சீனியர் மாணவர்களிடம் அவர்களின் களக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தேதி, நேரம், அளவுகள் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும்.