மோட்டார் கிளைடரும் அதன் பற்றரியும்

விமான வரலாற்றை எழுதுவோர் இயந்திரத்தையும் இறகையும் பற்றி நிறையவே எழுதியிருக்கின்றனர். பற்றரியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் மோட்டார் கிளைடரைப் பொறுத்தவரை, விமானியின் உயிர் பல வேளைகளில் தங்கியிருப்பது அந்தச் சிறு பெட்டியில்தான் என்பேன்.

1884 ஓகஸ்ட் 9ஆம் திகதி பாரிஸுக்கு அருகே பிரெஞ்சு இராணுவ அதிகாரிகளான சார்ல்ஸ் ரெனார், ஆர்தர் கிரெப்ஸ் ஆகியோர் 'லா பிரான்ஸ்' என்ற வான்கப்பலை மின்மோட்டாரால் செலுத்தி, 8 கிலோமீற்றரை 23 நிமிடங்களில் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே மீண்டனர். அதன் பற்றரியின் எடை மட்டும் 435 கிலோகிராம். வாயு நிரம்பிய வான்கப்பல் அப்பாரத்தைத் தாங்கியது. இறகை நம்பிப் பறக்கும் விமானத்திற்கோ அது பெருஞ்சுமை.

அதனாற்றான் மனிதரைச் சுமந்த மின்விமானம் 1973 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி ஒஸ்திரியாவில் ஹைனோ பிரடிச்கா, எச்.பி.-3 மோட்டார் கிளைடரை மாற்றியமைத்து நிக்கல்-கட்மியம் பற்றரி பொருத்திய எம்.பி.-இ1 விமானத்தில் பறந்தார். மின்வலுவுக்கு மாற்றும் முயற்சியின் மூளை பிரெட் மிலிட்கி. பறப்பு நீடித்ததோ கால் மணி நேரத்திற்கும் குறைவு. குறைந்த வலுவிலேயே மிதக்கவல்ல நீண்ட இறகு இருந்தமையாற்றான் அதுவும் கைகூடிற்று.

பெற்றோல் இயந்திரம் கொண்ட மோட்டார் கிளைடரிலும் பற்றரியின் பொறுப்பு சிறிதன்று. இயந்திரத்தை நிறுத்தி மேலெழும் காற்றில் மிதக்கும்போது வானொலியும் கருவிகளும் பற்றரியையே உறிஞ்சுகின்றன. உயரத்தின் குளிர் அதன் வலுவை மேலும் குறைக்கிறது. காற்று கைவிட்டதும், மீண்டும் இயந்திரத்தை இயக்க வேண்டியதும் அதே பற்றரிதான்.

இங்கேதான் வோல்ட்மானி ஏமாற்றுகிறது. முழுமையாக மின்னேற்றி ஓய்வில் வைத்த 12 வோல்ட் ஈயப் பற்றரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். முதுமையடைந்த பற்றரியும் அவ்வாறே காட்டக்கூடும். ஸ்டார்ட்டரின் சுமை ஏறியதும் சரிந்துவிடும். ஆகவே, அறிந்த மின்னோட்டத்தில் அதனை இறக்கி, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அளப்பதே நம்பத்தக்க சோதனை. 10 மணி நேரம் தாங்க வேண்டியது 6 மணி நேரத்தில் ஓய்ந்தால், மானி என்ன சொன்னாலும் அதன் காலம் முடிந்தது. மாற்றீடு அங்கீகரிக்கப்பட்ட வகையாக இருத்தல் வேண்டும். எடை மாறினால் விமானத்தின் ஈர்ப்பு மையத்தையும் மீளக் கணக்கிட வேண்டும்.

ஜேர்மனியின் அன்ராரெஸ் 20இ, லிதியம்-அயன் பற்றரியால் தன் வலுவிலேயே மேலெழும் கிளைடராக 2006இல் ஐரோப்பிய வகைச் சான்றிதழ் பெற்றது. பாரப் பிரச்சினை தணிந்தது. கண்காணிப்பின் தேவை தணியவில்லை. லிதியமும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் முதுமையடைவதே.

முதற்பறப்பு எமது பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் இடம்பெறும். பழைய பற்றரியை உரிய காலத்தில் ஒருவர் கழற்றி வைத்தது எந்தப் பக்கத்திலும் இடம்பெறாது. ஆனால் விபத்துச் செய்தியொன்று எழுதப்படாமற் போவதற்கு அவரே காரணமாயிருத்தல் கூடும்.